கீழ் எல்லை

எங்கள் ஊர்ப் பக்கம், பிறக்காத குழந்தைக்கு எதையும் வாங்கி வைப்பதில்லை. பிறந்த பிறகும் முதலில் உடுத்துவது புதுத்துணி அல்ல. துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டியின் ஒரு துண்டு, அல்லது நோய் நொடியில்லாமல் வளர்ந்துவிட்ட வேறொரு குழந்தையின் பழைய சட்டை. தொட்டில்கூட வீடு வீடாகக் கைமாறி வந்ததாக இருந்தால்தான் பெரியவர்களுக்கு மனம் நிறையும். ஆகவே 2016 நவம்பரில், நியூஜெர்சி எடிசனில் இருந்த எங்கள் இரண்டாம் மாடிக் குடியிருப்பிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குத் தொலைபேசி, "அத்தை, குழந்தைக்குக் கார் சீட்டும் தள்ளுவண்டியும் வாங்கப் போகிறோம்" என்று நான் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பிள்ள பொறக்கதுக்கு முன்னால ஒண்ணும் வாங்கப்பிடாது மாப்பிள. பொறந்த பெறவு மெள்ள வாங்கிக்கிடலாமே" என்றார் அத்தை. என் மனைவியின் அம்மா. மருமகனிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். அவர் இவ்வளவு சொன்னதே அதிகம்.

இந்த ஊரில் அப்படி முடியாது என்று விளக்கினேன். குழந்தையைக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போவதென்றால் அதற்கான இருக்கை இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேட்பார்கள். நியூஜெர்சியில் 2015 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருந்த சட்டப்படி, இரண்டு வயதோ முப்பது பவுண்டு எடையோ நிறைகிற வரை குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, ஐந்து முனை வாரால் கட்டப்பட்டுத்தான் பயணம் செய்யவேண்டும். "மடியில வச்சிக்கிட்டு மெதுவாப் போனா ஆகாதா? இவளை நான் அப்படித்தானே ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தேன்" என்று கேட்டார் அத்தை.

எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் வியாதி உண்டு. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதிப் பத்தில் ஒரு பங்கு வினாடியில் நின்றால், மடியிலிருக்கும் நாலு கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் பிடியும் அதற்குப் போதாது. அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வாங்கலாம், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பெட்டியைப் பிரிக்கவும் கூடாது. இரண்டு தெரு தள்ளியிருந்த நண்பர் வீட்டின் நிலவறையில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

*

அதற்கு முந்தைய மூன்று மாதங்கள் நான் இதில் மூழ்கிக் கிடந்தேன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் ஓர் எக்செல் தாள் திறந்தேன். விலை, இருக்கையின் எடை, எத்தனை பவுண்டு குழந்தை வரை தாங்கும், எந்தத் தள்ளுவண்டியோடு பொருந்தும், வெயில் மறைப்பு, துணியின் நிறம் என்று பதினொரு பத்திகள்.

இந்தத் தேடலில் கற்றுக்கொண்டவை பல. அமெரிக்கச் சந்தையில் விற்கும் எல்லாக் கார் சீட்டுகளும், நூறு டாலர் விலையுள்ளதும் நானூறு டாலர் விலையுள்ளதும், ஒரே மத்திய அரசுத் தர விதிக்கு உட்பட்டவை. மணிக்கு முப்பது மைல் வேகத்தில் முன்பக்க மோதல் சோதனையில் தேறியாக வேண்டும். கூடுதல் விலை பெரும்பாலும் மெத்தைக்கும் துணிக்கும் பொருத்துவதன் எளிமைக்கும்தான். குழந்தை ஏன் பின்னோக்கி உட்காரவேண்டும் என்பதற்கும் காரணம் கிடைத்தது. சிசுவின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலை. அதைத் தாங்கும் கழுத்து எலும்புகள் இன்னும் குருத்து நிலையில் இருக்கும். பின்னோக்கி இருந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும். கழுத்து மட்டும் இழுபடாது. 1960களில் இதை முதலில் யோசித்தவர் பெர்டில் ஆல்ட்மன் என்கிற ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் விசையை முதுகில் வாங்குமாறு சாய்ந்து படுத்திருந்ததைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்ததாம். பிறந்த குழந்தைக்கும் விண்வெளி வீரனுக்கும் ஒரே இருக்கை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

தள்ளுவண்டி விஷயத்தில் அறிவு அவ்வளவாக வேலை செய்யவில்லை. அங்கே ஆசை முந்திக்கொண்டது. பெரிய சக்கரமும் தோல் சுற்றிய கைப்பிடியும் கொண்ட ஒரு வண்டியைக் கடையில் தள்ளிப் பார்த்ததும் எனக்குப் பட்டினப்பாலை ஞாபகம் வந்துவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள், காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டத் தங்கக் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது போய்ச் சிறுவர்கள் குதிரையில்லாமல் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சியில் நானும் ஒரு கண்ணி என்று பெருமிதம் கொண்டேன். "இதை ரெண்டாவது மாடிக்கு யார் தூக்கறது?" என்று மனைவி கேட்டாள். நான்தான் என்றேன். அதன் எடை இருபத்தெட்டு பவுண்டு. காரின் பின்பெட்டியில் அதை வைத்தால் மளிகைப் பைக்கு இடமிருக்காது என்பதையும் அவளே சொன்னாள். இருந்தும் வாங்கினோம். அதன்மேல் சொடக்கென்று பொருந்துகிற அதே நிறுவனத்தின் கார் சீட்டையும் நன்றி நவிலல் நாள் தள்ளுபடியில் வாங்கினோம்.

நிலவறை தந்த நண்பர் தம் மகன் உபயோகித்த கார் சீட்டை இலவசமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். அதன் அடியில் பிளாஸ்டிக்கில் பொறித்திருந்த காலாவதித் தேதி கடந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. மருந்து மாத்திரை போல இதற்கும் காலாவதி உண்டு. வெயிலிலும் பனியிலும் கிடந்து பிளாஸ்டிக் நொய்ந்துபோகும் என்பது காரணம். விபத்தில் சிக்கிய இருக்கையையும், பூர்வோத்தரம் தெரியாத இருக்கையையும் பயன்படுத்தக் கூடாது என்பது பால பாடம். வேண்டாம் என்று நான் சொன்னதில் நண்பருக்குச் சற்று வருத்தம்தான். இருந்தாலும் எங்கள் பெட்டிகளுக்கு இடம் கொடுத்தார்.

*

அத்தை ஜனவரி முதல் வாரம் வந்து சேர்ந்தார். பெட்டி நிறையப் பொடிகளும், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்குகளும். அவற்றோடு மாமாவின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்த ஒரு கட்டு. "வாங்கக் கூடாதுன்னீங்களே அத்தை" என்று சிரித்தேன். "பழசு வாங்குனதாகாது மாப்பிள" என்றார்.

மார்ச் மாதம் பிறக்கவேண்டிய குழந்தை ஜனவரி கடைசி வாரத்திலேயே பிறந்துவிட்டது. முப்பத்து நாலு வாரங்கள். பெண். இரண்டு கிலோவும் ஐம்பது கிராமும். நேராகச் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாய், காலில் ஒளிரும் உணர்கருவி, தலைக்குமேல் மூன்று நிறங்களில் ஓடும் கோடுகள். முதல் சில நாட்கள் உறிஞ்சிக் குடிக்கவே தெரியவில்லை. பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். பதினோராம் நாள், இன்னும் மூன்று நான்கு நாட்களில் வீட்டுக்குப் போகலாம், கார் சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

நண்பர் வீட்டு நிலவறையில் பெட்டியைப் பிரித்தேன். காரில் பொருத்தி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளக் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே பயிற்சி பெற்றவர்கள் இதை இலவசமாகச் சோதித்துத் தருவார்கள். தலை நரைத்த ஒரு காவலர் வந்து, அடிப்பாகத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பிறகு சாய்வைக் காட்டும் குமிழைப் பார்த்தார். பிறகு, "குழந்தை என்ன எடை?" என்று கேட்டார்.

"நாலு பவுண்டு பதினோரு அவுன்ஸ்."

அவர் ஒன்றும் சொல்லாமல், இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் விரலை வைத்தார். ஐந்து பவுண்டிலிருந்து முப்பத்தைந்து பவுண்டு வரை என்று அதில் எழுதியிருந்தது. "நல்ல இருக்கைதான். ஆனால் இன்றைக்கு உங்கள் குழந்தைக்கு இது சரிப்படாது" என்றார்.

என் எக்செல் தாளில் மேல் எல்லைக்கு ஒரு பத்தி இருந்தது. முப்பதா, முப்பத்திரண்டா, முப்பத்தைந்தா என்று அதற்காகவே இருக்கைகளைத் தள்ளியும் சேர்த்தும் வைத்திருந்தேன். கீழ் எல்லைக்குப் பத்தி இல்லை. குழந்தை எவ்வளவு வளரும் என்பது மட்டும்தான் எனக்கு யோசிக்கவேண்டிய விஷயமாக இருந்தது. எவ்வளவு சிறிதாகப் பிறக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு கோபம் வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்திருந்தால், கையேட்டைப் படித்திருந்தால், இது முன்பே தெரிந்திருக்கும். பிரிக்கவிடாமல் செய்தது யார்? அத்தை எதிரே வந்து, "சரியாயிட்டா மாப்பிள?" என்றபோது, "வேற வாங்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். விலையைக்கூட நான் கடையில் நின்றே பார்த்து வாங்கியவன், அந்தச் சீட்டையும் அங்கேயே படித்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் மனதில் ஓடியதும் எனக்குத் தெரிந்தது. சொன்னேனே, கேட்டீர்களா, வாங்கி வைத்ததால்தானே பிள்ளை அவசரப்பட்டு வந்தது. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தட்டில் ஒருவர் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

*

நாலு பவுண்டிலிருந்து தாங்கும் இருக்கை ஒன்றை அன்று மாலையே வாங்கினேன். நூறு டாலர். சாம்பல் நிறம். என் தாளில் முதல் வாரத்திலேயே நிறம் பிடிக்காமல் அடித்துவிட்ட இருக்கை அது.

முப்பத்தேழு வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை வைக்கிறார்கள். அவரவர் கார் சீட்டிலேயே குழந்தையை வாரிட்டு உட்காரவைத்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரை இதயத் துடிப்பையும் மூச்சையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் பார்ப்பார்கள். குறைமாதக் குழந்தைக்குக் கழுத்தில் வலு இருக்காது. சாய்ந்து உட்காரும்போது தலை முன்னால் கவிழ்ந்து, மோவாய் மார்பைத் தொட்டால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். அழக்கூடத் தெரியாது, சத்தமில்லாமல் ஆக்சிஜன் இறங்கும். காக்கவேண்டிய இருக்கையே ஆபத்தாகும் இடம் அது.

முதல் சோதனை இரவு ஒன்பது மணிக்கு. நாற்பது நிமிடம் வரை 97, 96 என்று நின்ற எண் திடீரென்று 91 ஆனது. பிறகு 88. மணி அலறியது. செவிலி ஓர் எட்டில் வந்து குழந்தையின் தாடையை விரலால் உயர்த்தினார். எண் ஏறியது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மறுபடியும் தவறினால், நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் கார்ப் படுக்கை என்று ஒன்று இருக்கிறது, அதை ஏற்பாடு செய்யலாம், கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

மனைவி குழந்தையோடு உள்ளேயே இருந்தாள். நானும் அத்தையும் வெளியே நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். பானம் விற்கும் இயந்திரத்தின் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. ரொம்ப நேரம் கழித்து அத்தை சொன்னார்.

"இவளுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பொறந்துது மாப்பிள. ஆம்பளப் பிள்ள. எங்க அப்பா ஏழாம் மாசமே ஆசாரிய வரச்சொல்லி தேக்குல தொட்டில் செஞ்சு போட்டுட்டாவ. கிளி வச்சு, கடைசல் போட்டு, அவ்வளவு லெச்சணமா. பிள்ள மூணு நாள்தான் இருந்துது. நான் வீட்டுக்கு வரும்போது தொட்டில் நடுக்கூடத்துல நிக்கி. அதை எடுத்து உள்ள வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அதுனாலதான் சொன்னேன். வாங்குனா பிள்ளைக்கு ஆகாதுன்னு இல்ல. வாங்குனது கண்ணு முன்னால நிக்குமேன்னுதான்."

மூன்று மாதமாக நான் மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வழக்கம் குழந்தையைக் காப்பதற்காக ஏற்பட்டதாக நான் எண்ணியிருந்தேன். அது தாயைக் காப்பதற்காக ஏற்பட்டது. என் மனைவிக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"பெட்டியைப் பிரிக்காம விட்டதால தப்பாப் போச்சுன்னு நினைச்சேன் அத்தை. தப்பு என் பேர்லதான். கடையிலேயே பார்த்திருக்கணும்" என்றேன்.

"இருக்கட்டும் மாப்பிள" என்றார் அத்தை.

மறுநாள் இரவு இரண்டாவது சோதனை. செவிலி குழந்தையை வாரிட்டு, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழிருந்து வார் வருமாறு துளையை மாற்றினார். நெஞ்சுக் கொக்கி அக்குளுக்கு நேராக. வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்; மடிப்பு விழக் கூடாது. பிறகு, தலையும் உடம்பும் ஒருபக்கம் சாயாமலிருக்க இரண்டு பக்கமும் துணிச்சுருள் வைக்கவேண்டும், மெல்லிய துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கடையில் தனியாக விற்கும் தலையணைகளும் மெத்தைகளும் கூடவே கூடாது, அவை இருக்கையோடு சோதிக்கப்பட்டவை அல்ல. ஆனால் வாரிட்டு முடித்த பிறகு பக்கத்தில் வைக்கும் சுருட்டிய துணிக்குத் தடையில்லை என்று விளக்கினார்.

அத்தைக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. செவிலியின் கை காட்டிய சைகை புரிந்துவிட்டது. பையைத் திறந்து, மாமாவின் வேட்டித் துண்டுகளை எடுத்து நீட்டினார். செவிலி அதைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு மென்மை!" என்றார். இரண்டு சுருள் இரண்டு பக்கம். இன்னொன்றைச் சிறிதாகச் சுருட்டி, கால்களுக்கு நடுவில் வாருக்கும் உடம்புக்கும் இடையிலிருந்த இடைவெளியில் வைத்தார், குழந்தை சரியாமலிருக்க.

தொண்ணூறு நிமிடங்கள். எண் 94க்குக் கீழே இறங்கவில்லை. அந்தத் தொண்ணூறு நிமிடமும் அத்தை உட்காரவில்லை.

*

பிப்ரவரி மத்தியில் வீட்டுக்கு வந்தோம். தெருவோரமெல்லாம் அழுக்கேறிய பனி. தடித்த குளிர்ச்சட்டை போட்டு வாரிடக் கூடாது, மோதலில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும் என்பதால், மெல்லிய உடுப்போடு கட்டி, மேலே போர்வை போர்த்தினோம். பின்னிருக்கையில் குழந்தைக்குப் பக்கத்தில் அத்தை. பதினான்கு மைல். முன்கண்ணாடியில் எனக்குக் குழந்தை தெரியவில்லை. அத்தையின் முகம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தே வண்டி ஓட்டினேன். வழிமுழுக்க அவர் ஒரு விரலைக் குழந்தையின் மோவாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

இருபத்தெட்டு பவுண்டுச் சிறுதேரை இரண்டு முறை மாடிக்குத் தூக்கினேன். மூன்றாம் முறை அது காரிலேயே இருந்துவிட்டது. கார் சீட்டில் குழந்தையை நெடுநேரம் தூங்கவிடக் கூடாது, அது பயணத்துக்கு மட்டும்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இருக்கையை அப்படியே வண்டியில் சொடுக்கிக்கொண்டு ஊர் சுற்றும் என் திட்டமும் போயிற்று. குழந்தை சற்று வளர்ந்து நன்றாக உட்கார ஆரம்பித்ததும், குடைபோல மடங்கும் ஒரு லேசான வண்டியை வாங்கினோம். அந்த வகையை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மக்ளாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரங்களில் வேலை செய்த பொறியாளர். மகள் பேரக்குழந்தையோடு வந்தபோது, அந்தப் பழைய தள்ளுவண்டியின் பாரத்தைக் கண்டு யோசித்தாராம். தாத்தாக்களுக்குத்தான் இது புரிந்திருக்கிறது.

2019 டிசம்பரில் ஊருக்குப் போனோம். அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ தகுந்த இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று இந்தியாவிலும் வந்திருந்தது. மகளின் அடுத்த இருக்கையை விமானத்தில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். வாடகைக் காரில் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொந்தக்காரர்கள் கூடிநின்று சிரித்தார்கள். "சிரிக்காதிய. அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் அத்தை.

அந்த நூறு டாலர் சாம்பல் நிற இருக்கையின் அடியில் பொறித்திருந்த ஆண்டு 2023. அந்த ஆண்டு ஒருநாள் அதை வெளியே எடுத்தேன். யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக வாரை அறுத்துவிட்டுத்தான் எறியவேண்டும். தொலைபேசியில் அத்தையிடம் சொன்னேன்.

"நல்லாத்தானே இருக்கு, யாருக்காவது குடுக்கலாமே?"

"கொடுக்கக் கூடாது அத்தை. தேதி முடிஞ்சிட்டுது."

"வாங்கப்பிடாதுன்னு நாங்க சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பிய. குடுக்கப்பிடாதுன்னு அவன் எழுதியிருந்தா ஒண்ணும் கேக்காம அறுத்துருவியளோ?" என்று சிரித்தார் அத்தை.

பிளாஸ்டிக், வெயில், பனி என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். சமையலறைக் கத்தரிக்கோலால் வாரை அறுக்கச் சற்று நேரமாயிற்று. நெய்த பட்டை, எளிதில் அறுபடவில்லை. துணி உறையை உருவியபோது, அடியில் ஒரு வேட்டிச் சுருள் சிக்கியிருந்தது. அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.